லாரி நாவலில் வேத வசனம் வரலாமா?

தூத்துக்குடியிலிருந்து லடாக்கில் இருக்கிற லே வரை சரக்கு ஏற்றிப் போகும் ஒரு லாரியைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். டிரைவர் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர், கிளீனர் பையன் மேலப்பாளையத்து முஸ்லிம், கூட ஒட்டிக்கொண்டு போகும் கதைசொல்லிக்கு எந்தச் சாமியும் கிடையாது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் பைபிள், குர்ஆன், உபநிஷதம், தேவாரம் என்று ஒரு வரி போடலாமா, போட்டால் பக்தி நாவல் என்று ஒதுக்கிவிடுவார்களா, நம்பிக்கை இல்லாத எனக்கு அந்த உரிமை உண்டா, எந்த மொழிபெயர்ப்பை எடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறவன், மேற்கோள் சரிபார்ப்பதுதான் என் வேலையில் பாதி. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

உரிமை பற்றி முதலில். நம்பிக்கை இருக்கிறவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று எந்த வேதமும் எழுதி வைக்கப்படவில்லை, பயணக் கதைகளோ ஆரம்பத்திலிருந்தே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கின்றன. ஆனால் ஒரு கடமை உண்டு. நீங்கள் எடுக்கும் வரி ஏற்கனவே ஒரு வழியில் போய்க்கொண்டிருந்த வரி. யார் யாரிடம், எந்த இடத்தில், எந்த அவஸ்தையில் அதைச் சொன்னார் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். என் பதில் மொத்தமும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதல் பக்கத்தில் ‘சரைவேதி, சரைவேதி’ போடப்போவதாகச் சொல்கிறீர்கள். ‘நடந்துகொண்டே இரு’ என்று அர்த்தம், பயணக் குழுக்கள், மலையேறுகிறவர்கள் எல்லாரும் போடுகிற வரி. ஐதரேய பிராமணம் என்ற வேத நூலில் ஏழாம் பகுதியில் வருகிறது. நடக்கிறவன் தேனை அடைகிறான், இனிய அத்திப்பழத்தை அடைகிறான், சூரியனைப் பார், அது நடக்கச் சலிப்பதே இல்லை, ஆகையால் நடந்துகொண்டே இரு என்று போகும். அழகான வரிதான். ஆனால் இதைச் சொல்வது யார், கேட்பது யார் என்று பாருங்கள்.

நமக்குத் தெரிந்த அதே அரிச்சந்திரன்தான், ஆனால் மயானம் காக்கிற கதை இல்லை, அதைவிடப் பழையது. பிள்ளை இல்லாத அரிச்சந்திரன் வருணனிடம் வேண்டுகிறான், பிள்ளை பிறந்தால் அவனையே உனக்குப் பலி தருகிறேன் என்கிறான். பிள்ளை பிறக்கிறது, ரோகிதன். நம் நாடகத்தில் லோகிதாசன் என்று வருகிறவன். பல் முளைக்கட்டும், விழுந்து முளைக்கட்டும், ஆயுதம் எடுக்கும் வயசு வரட்டும் என்று அப்பன் தவணை சொல்லிக்கொண்டே போகிறான். கடைசியில் மகனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவன் வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறான். வருணன் கோபத்தில் அரிச்சந்திரனுக்கு வயிறு வீங்குகிறது. அப்பனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு மகன் ஒவ்வொரு வருஷமும் ஊர் திரும்பப் பார்க்கிறான், ஒவ்வொரு தடவையும் இந்திரன் ஒரு பிராமணன் வேஷத்தில் வந்து வழிமறித்து ‘நடந்துகொண்டே இரு’ என்று காட்டுக்கே திருப்பி அனுப்புகிறான். ஆறாவது வருஷம் ரோகிதன் பசியில் வாடும் ஒரு குடும்பத்தைப் பார்க்கிறான், அவர்களுடைய நடுப்பிள்ளை சுனச்சேபனை நூறு பசு கொடுத்துத் தனக்குப் பதிலாகப் பலியாக வாங்குகிறான்.

அந்த உற்சாக வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. உயிருக்குப் பயந்து வீட்டுக்குப் போக முடியாத ஒரு பையனிடம் சொன்ன வார்த்தை அது, அந்த நடை முடிகிற இடத்தில் இன்னொரு ஏழைப் பையன் விலைக்குப் போகிறான். இது தெரிந்தபிறகு அந்த வரியை முதல் பக்கத்தில் பயணத்தின் புகழாக வைக்க உங்களுக்கே மனசு வராது. ஆனால் உங்கள் கிளீனர் பையன் ஏன் இரண்டு வருஷமாக வீட்டுக்குப் போகவில்லை என்று ஒரு அத்தியாயம் எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அதன் தலையில் இந்த வரி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதை தெரிந்த வாசகர் திடுக்கிடுவார், தெரியாதவருக்கு வெறும் ‘நட’ என்று கேட்கும், அதுவும் கெடுதல் இல்லை.

இதே மாதிரி ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘கண்டறியாதன கண்டேன்.’ இதுவரை பார்க்காததைப் பார்த்தேன் என்பதால் பயணக் கட்டுரைக்காரர்கள் பனிமலைப் படத்துக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். அப்பர் இதை எங்கே பாடினார்? பெரியபுராணம் சொல்கிறபடி அவர் கயிலைக்குப் போகப் புறப்படுகிறார். காளத்தி, காசி தாண்டி வடக்கே போகப்போகக் கால் தேய்கிறது, கையால் தவழ்கிறார், மார்பால் ஊர்கிறார், பிறகு உருள்கிறார். வழியில் முனிவர் வேஷத்தில் வந்த சிவன், மனுஷ உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்கிறார். ‘ஆளும் நாயகன் கயிலையில் இருக்கை கண்டு அல்லால் மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன்’ என்று மறுக்கிறார் அப்பர். அப்புறம் ஒரு குளத்தைக் காட்டி அதில் மூழ்கச் சொல்ல, மூழ்கியவர் எழுந்தது தஞ்சாவூர்ப் பக்கத்துத் திருவையாற்றில். அங்கே அவர் என்ன பார்த்தார்? பிடியோடு வரும் களிறு, பெடையோடு சேவல், குயில், மயில், பன்றி, நாரை, கிளி, மாடு. எல்லாம் காவிரிக்கரையில் தினமும் பார்க்கிற உயிர்கள், ஜோடி ஜோடியாக. அதைப் பார்த்துத்தான் ‘கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்’ என்கிறார்.

ஆக அது போய்ச் சேராத பயணத்தின் பாட்டு. மலைவரை போகவிடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர், சொந்த நாட்டு ஆற்றங்கரையில் கோழியையும் மாட்டையும் பார்த்துப் பாடியது. அந்தப் பதிகத்திலேயே ‘யாதும் சுவடு படாமல் ஐயாறு அடைகின்ற போது’ என்று ஒரு வரி இருக்கிறது. கால்தடமே பதியாமல் வந்து சேர்கிறது பற்றி, இத்தனை தூரம் கால் தேய நடந்தவர் சொல்கிறார். எனக்கு இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். உங்கள் லாரி லே போய்ச் சேராமலே திரும்புகிறது என்று முடிவு வைத்திருந்தால் இது உங்களுக்கானது. லே போய்ச் சேர்ந்து பாங்காங் ஏரியைப் பார்த்துக் கதைசொல்லி வியக்கிற இடத்தில் தயவுசெய்து போடாதீர்கள்.

இனி எப்படிப் பயன்படுத்துவது என்ற விஷயம். மெல்வில் 1851இல் வெளியிட்ட திமிங்கில வேட்டை நாவல் ‘மோபி டிக்’ தெரிந்திருக்கும். நாவலுக்கு முன்னாலேயே திமிங்கிலத்தைப் பற்றிய மேற்கோள்களின் ஒரு பெரிய குவியல், முதலில் நிற்பது ஆதியாகமம், அடுத்தது யோபு, யோனா. ஆனால் நான் சொல்ல வந்தது ஒன்பதாம் அத்தியாயம். கப்பல் ஏறுவதற்கு முன்னால் மாலுமிகள் நியூ பெட்ஃபர்டில் ஒரு தேவாலயத்துக்குப் போகிறார்கள். கப்பலின் முன்முனை மாதிரி செய்த பிரசங்க மேடை, கயிற்றேணியில் ஏறிப் போதகர் மேப்பிள் ஏணியையும் மேலே இழுத்துக்கொள்கிறார். பிறகு யோனா கதை, கடவுள் அனுப்பிய ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடியவன் கதை. பைபிளில் யோனா கப்பலேறுவது ஒரே வசனம்: யோப்பாவுக்குப் போனான், தர்ஷீசுக்குப் போகிற கப்பலைக் கண்டான், கூலி கொடுத்து ஏறினான். அந்தக் ‘கூலி கொடுத்து’ என்கிற இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மெல்வில் ஒரு காட்சியே கட்டுகிறார். கப்பல் தலைவனுக்கு இந்த ஆள் ஏதோ தப்பித்து ஓடுகிறான் என்று சந்தேகம், அவன் மடி எவ்வளவு கனம் என்று பார்க்க வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூலி கேட்கிறான், யோனா பேரம் பேசாமல் கொடுக்கிறான். பாவி காசு கொடுத்தால் பாஸ்போர்ட் இல்லாமலே போகலாம் என்கிறார் போதகர்.

பயணம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. வேதத்தில் பயணம் நிறைய இருக்கிறது, அந்தப் பயணத்தில் கூலி, சத்திரம், கிணறு, பசி, வழிப்பறி எல்லாம் இருக்கிறது. பெரிய தத்துவ வரியைத் தேடுவதைவிட இந்த மாதிரிச் சின்ன வார்த்தையைத் தேடுங்கள். செக்போஸ்ட்டில் மாமூல் கொடுக்கிற இடத்தில் உங்கள் டிரைவர் ‘யோனாவும் கூலி கொடுத்துத்தான்டா ஏறினான்’ என்று சொன்னால் அந்த ஒரு வரியில் அவர் ஊர், சபை, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி எல்லாம் வந்துவிடும், அத்தியாயத்தின் தலையில் மேற்கோளே வேண்டாம்.

மெல்வில் நாவலைப் பற்றி இன்னொரு சங்கதி. கப்பல் மூழ்கி எல்லாரும் செத்தபிறகு கதைசொல்லி இஷ்மவேல் மட்டும் பிழைத்த கதையைச் சொல்லும் கடைசிப் பக்கத்தின் தலையில் யோபு வசனம் இருக்கிறது, நான் ஒருவன் மாத்திரம் தப்பி இதை உமக்கு அறிவிக்க வந்தேன் என்று. யோபு முதல் அதிகாரத்தில் நாலு வேலைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து இதையே சொல்கிறார்கள். நாவல் முதலில் வந்தது லண்டனில், அந்தப் பதிப்பில் இந்தக் கடைசிப் பக்கம் விடுபட்டுப்போனது. எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றால் கதையைச் சொல்வது யார் என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள். அந்தப் பக்கம் இருக்கிற பதிப்பில் அந்தக் கேள்விக்கு முதல் பதிலே அந்த வசனம்தான். எடுத்தால் கதையில் ஓட்டை விழ வேண்டும், அப்படி இருக்கிற வசனத்தை வையுங்கள். எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்றால் எடுத்துவிடுங்கள்.

பாத்திரத்தின் கையில் வசனத்தைக் கொடுத்து வழி நெடுக அதைச் சோதிப்பது இன்னொரு முறை. டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’, 1719. தனித்தீவில் குரூசோவுக்குக் குளிர்காய்ச்சல். மருந்துக்குப் புகையிலை தேடிப் பெட்டியைத் திறக்கிறான், உள்ளே புகையிலையோடு பைபிளும் இருக்கிறது. புகையிலையை மென்று, ரம்மில் ஊறப்போட்டு, தலை சுற்றுகிற நிலையில் புத்தகத்தைத் திறக்கிறான், கண்ணில் படுவது சங்கீதம் 50:15. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன், நீ என்னை மகிமைப்படுத்துவாய்.’ முதலில் ‘விடுவிப்பேன்’ அவன் காதில் ஏறவில்லை, இந்தத் தீவிலிருந்து கடவுளாலேயே என்னை விடுவிக்க முடியுமா என்று கேட்கிறான். நாள் போகப்போக அந்த வார்த்தைக்கு அவன் மனசில் அர்த்தம் மாறுகிறது, தீவிலிருந்து விடுதலை என்பது போய்த் தன் பழைய பாவத்திலிருந்து விடுதலை என்று ஆகிறது. டீஃபோ மதநம்பிக்கை உள்ளவர்தான், ஆனால் இங்கே நடப்பது பிரசங்கம் இல்லை. ஒரே வார்த்தை, ஒரே ஆள், இடமும் மாறவில்லை, ஆள் மாறுகிறான், அது நமக்கு அந்த வார்த்தை வழியாகத் தெரிகிறது. நம்பிக்கை இல்லாத வாசகர்கூட இதைப் படித்து முகம் சுளிக்க மாட்டார்.

உங்கள் டிரைவருக்கு இதைச் செய்ய வழி கைவசமே இருக்கிறது. தென்மாவட்டச் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்களே, அந்த வருஷத்துக்கான வசனம், அதை வண்டியின் டேஷ்போர்டில் செருகி வைக்காத டிரைவர் அந்தப் பக்கம் குறைவு. சங்கீதம் 121:8ஐ அவர் அட்டையில் வையுங்கள்: ‘கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங்காப்பார்.’ போக்கு, வரத்து! நாம் தினமும் சொல்கிற போக்குவரத்து அப்படியே ஒரு வசனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் மட்டுமே கிடைக்கிற சந்தோஷம் இது. இதன் எதிரே திருவாசகத்தைக் கொண்டுவந்து வையுங்கள், சிவபுராணத்தில் ‘போக்கும் வரவும் புணர்வும் இலாப் புண்ணியனே’ என்று வரும். ஒரு சாமி உன் போக்கையும் வரத்தையும் காக்கிறது, இன்னொரு சாமிக்குப் போக்கும் வரவுமே கிடையாது. வழியில் ஏறிக்கொண்ட ஒரு ஓதுவாரும் டிரைவரும் ஒரு ராத்திரி முழுக்கப் பேச இது போதும். கதைசொல்லி நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் சரி, அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கிளீனர் பையனுக்குப் பயண துஆ, அதாவது பயணப் பிரார்த்தனை. வண்டி கிளம்பும்போது ‘ஸுப்ஹானல்லதீ ஸக்கர லனா ஹாதா’ என்று வாய்க்குள் சொல்வான், குர்ஆன் 43ஆம் அத்தியாயம் 13, 14ஆம் வசனங்கள். கப்பலிலும் கால்நடை மேலும் ஏறி உட்காரும்போது சொல்லச் சொன்னது. இதை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூய்மையானவன், எங்களுக்கு இதை அடக்கும் சக்தி இருக்கவில்லை என்று தொடங்கி, நாங்கள் எங்கள் இறைவனிடமே திரும்பிச் செல்கிறவர்கள் என்று முடியும். அந்த முடிவைக் கவனியுங்கள். டீசல் அடித்துக் கிளம்பும்போதே கடைசிப் பயணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற துஆ அது. ஒரு நடைமுறை விஷயம்: முஸ்லிம்களுக்கு அரபு மூலம்தான் குர்ஆன், தமிழில் இருப்பது தர்ஜமா, அர்த்தம் மட்டும். ஆகவே அவன் வாயில் அரபு வரட்டும், கதைசொல்லி அர்த்தம் கேட்டால் அவன் தன் பேச்சுத் தமிழில் சொல்லட்டும். அச்சு மொழிபெயர்ப்பை அப்படியே அவன் வாயில் திணித்தால் பொய்யாகக் கேட்கும்.

மொழிபெயர்ப்பு விஷயத்தை இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் பெரிய தப்பெல்லாம் இதில்தான் நடக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் எழுதிய ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவல், 1944இல் வந்தது. முதல் உலகப்போரில் விமானம் ஓட்டிய லாரி என்ற அமெரிக்க இளைஞன் ஊர் ஊராக அலைந்து கடைசியில் இந்தியாவுக்கு வந்து திருவிதாங்கூரில் ஒரு ஆசிரமத்தில் தங்குவான். மாம் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்தவர், ஆசிரமத்தில் மயக்கம் போட்டு விழுந்தவர், நாவலில் வரும் கணேசர் என்ற சாமியாருக்கு ரமணர்தான் மூலம். நாவலின் முதல் பக்கத்தில் கடோபநிஷத்து வரி: கத்தியின் கூர்முனையைக் கடப்பது கடினம், அதுபோல மோட்சத்துக்கான வழி கடினம் என்று ஞானிகள் சொல்கிறார்கள். தலைப்பும் அதிலிருந்துதான். சமஸ்கிருதத்தில் போய்ப் பார்த்தால் ‘க்ஷுரஸ்ய தாரா நிசிதா துரத்யயா துர்கம் பதஸ் தத் கவயோ வதந்தி’. கூர்மை இருக்கிறது, வழி இருக்கிறது, சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், மோட்சம் என்ற வார்த்தை அந்த வரியில் இல்லை. ஆங்கிலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அதே சுலோகத்தின் முதல் பாதி ‘எழுந்திருங்கள், விழித்துக்கொள்ளுங்கள், பெரியவர்களை அடைந்து அறிந்துகொள்ளுங்கள்’. அந்தப் பாதியிலிருந்துதான் விவேகானந்தரின் ‘இலக்கை அடையும்வரை நிற்காதே’ வந்தது. ஒரே சுலோகம், முன்பாதி ஓடச் சொல்லும் முழக்கமாயிற்று, பின்பாதி ஒரு ஆங்கில நாவலின் தலைப்பாயிற்று, நடுவில் இருந்த ‘பெரியவர்களிடம் போய்க் கேள்’ என்பது இரண்டிலும் விழுந்துபோனது.

இதைச் சொல்வது யார் தெரியுமா? எமன். கேட்பது நசிகேதன் என்ற பையன், எமன் வீட்டு வாசலில் மூன்று ராத்திரி சாப்பாடில்லாமல் காத்துக்கிடந்தவன், வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டதற்கு ஈடாகத்தான் எமன் அவனுக்கு மூன்று வரம் கொடுக்கிறான். பயணக் கதைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் என்ன வேண்டும்?

அடுத்து பைபிள். ஹெமிங்வேயின் ‘தி சன் ஆல்ஸோ ரைசஸ்’, 1926, பாரிஸிலிருந்து ஸ்பெயினுக்குப் போய் மீன் பிடித்துக் காளைச் சண்டை பார்த்துத் திரும்பும் கூட்டத்தின் கதை. தலைப்பே பைபிளில் பிரசங்கி என்ற புத்தகத்தின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தது: ‘ஒரு சந்ததி போகிறது, மறு சந்ததி வருகிறது, பூமியோ என்றென்றைக்கும் நிலைத்திருக்கிறது.’ அடுத்த வசனத்தில் சூரியன் உதிக்கிறது, அஸ்தமிக்கிறது. முதல் அச்சில் இதற்கு முன்னால் வரும் ‘எல்லாம் மாயை’ வசனமும் இருந்தது. ஹெமிங்வே அதை வெட்டச் சொன்னார், பூமி நிலைத்திருக்கிறது என்பதுதான் தன் நாவலின் சாரம் என்று பதிப்பாசிரியருக்கு எழுதினார். ஒரு வசனத்தை எங்கே நிறுத்துவது என்பதை எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தமிழில் அந்த வெட்டு இன்னும் முக்கியமாகிறது. எபிரேயத்தில் அங்கே இருப்பது ‘ஹெவெல்’, மூச்சு, ஆவி, கையில் பிடிக்க முடியாத புகை மாதிரி. நம் பழைய தமிழ் பைபிளில் அது ‘மாயை’. ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்று தமிழில் படிக்கிறவர் மனசில் ஆணவம், கன்மம், மாயை என்ற சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் சேர்ந்து எழும்பும். எபிரேயப் பிரசங்கிக்கு அதெல்லாம் தெரியாது. கெட்டது என்று சொல்ல வரவில்லை, உங்கள் நாவலுக்கு அது பெரிய வரமாகக்கூட இருக்கலாம், ஆனால் நடப்பது தெரிந்து செய்யுங்கள்.

எந்தப் பதிப்பு என்று கேட்டீர்கள். டிரைவர் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்காரர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய மொழிபெயர்ப்பு, 1871இல் ஹென்றி பவர் என்ற பாதிரியாரின் குழு முடித்தது, ‘கர்த்தர்’, ‘தேவரீர்’, ‘பர்வதம்’, ‘ஒத்தாசை’ எல்லாம் அதில்தான். அந்த நடை அவர் ஜெபத்திலும் திட்டிலும்கூட இருக்கும். கத்தோலிக்கர் என்றால் 1995இல் வந்த திருவிவிலியம், அங்கே ‘ஆண்டவர்’, சங்கீதம் ‘திருப்பாடல்’ ஆகிவிடும். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் கர்த்தர் என்றும் இன்னொரு பக்கத்தில் ஆண்டவரின் திருப்பாடல் என்றும் சொன்னால் தென்மாவட்ட வாசகர் உடனே பிடித்துவிடுவார். இன்னொன்று, திருநெல்வேலிப் பக்கத்தில் ‘வேதம்’ என்றாலே பைபிள், ‘வேதக்காரங்க’ என்றால் கிறிஸ்தவர்கள். ‘வேதத்துல சொல்லியிருக்கு’ என்று டிரைவர் சொல்ல, வடக்கே போகப்போக அதே வார்த்தையைக் கேட்கிறவர்கள் வேறு ஒன்றைப் புரிந்துகொள்கிறார்கள் என்று வைத்தால் அதுவே ஒரு காட்சி.

தேவாரத்தை எடுத்தால் சந்தி பிரித்துப் போடுங்கள், கூடவே எந்தத் திருமுறை என்பதையும் சரிபாருங்கள். சம்பந்தரின் கோளறு பதிகம் உங்கள் பட்டியலில் இல்லை, ஏன் என்று தெரியவில்லை. நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்கு இப்போது போகாதே என்று அப்பர் தடுத்தபோது, திருமறைக்காட்டில், புறப்படும் நேரத்தில் பாடியது. ‘ஆசறு நல்ல நல்ல அவை நல்ல நல்ல அடியாரவர்க்கு மிகவே.’ ராகுகாலம் பார்க்கிற லாரி ஓனர் ஒருவர் கதையில் இருந்தால் இதை விடாதீர்கள்.

இல்லாத வசனத்தைப் போடாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ‘எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது’ என்று கடைகளிலும் பஸ்களிலும் தொங்குகிற கீதாசாரம் கீதையின் எந்தச் சுலோகத்தின் மொழிபெயர்ப்பும் இல்லை. நான் பார்த்த ஒரு கையெழுத்துப் பிரதியில் அதற்கு அத்தியாயம், சுலோக எண்ணே கொடுத்திருந்தார்கள். அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள்தான் கண்ணில் பட்டது, ஒரு அத்தியாயத்தின் தொடக்கத்தையே மாற்றி எழுத வேண்டி வந்தது. ஆனால் ஒரு பாத்திரம் அந்த அட்டையைப் பார்த்துக் கீதை என்று நம்பலாம், அழலாம், அதில் தப்பே இல்லை, மக்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். நூலாசிரியராக நீங்கள் அத்தியாயத்தின் தலையில் ‘பகவத் கீதை’ என்று போடுவதுதான் தப்பு. அதேபோல ‘யாதும் ஊரே’ புறநானூறு 192, வேதம் இல்லை, உங்கள் பட்டியலில் அதை நடுவில் கண்டேன், வேறு வரிசையில் வையுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பழைய மொழிபெயர்ப்புகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. புதிய மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் இறந்து 60 வருஷம்வரை உரிமை உண்டு, பதிப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 299ஆம் பிரிவில் இருக்கிறது, வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்ததாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மேற்கோளைச் சரியாக, பேர் சொல்லிக் கொடுப்பது அதில் வராது.

எத்தனை போடலாம்? 22 அத்தியாயம் என்றீர்கள், 22 மேற்கோள் வேண்டாம். ஒவ்வொரு மதத்துக்கும் இத்தனை என்று பங்கு பிரித்தது மாதிரி இருக்கிறது உங்கள் பட்டியல். பக்தி நாவல் என்று யாராவது ஒதுக்கினால் அது வசனம் இருப்பதற்காக இருக்காது, வசனத்துக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பதற்காக இருக்கும். தலையில் இரண்டு அல்லது மூன்று போதும், மீதியைப் பாத்திரங்களின் வாய்க்கும் டேஷ்போர்டுக்கும் அனுப்புங்கள். அவர்கள் அரைகுறையாகச் சொல்லட்டும், மறந்து நடுவில் நிறுத்தட்டும், பாதி வசனத்தில் பிரேக் போட நேரட்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் முழு அதிகாரமாக, முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள். பிறகு டிரைவர் பகுதியை ஒரு சபைக்காரரிடமும் கிளீனர் பகுதியை மேலப்பாளையத்துக்காரர் ஒருவரிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், எந்த வார்த்தையில் அவர்கள் முகம் மாறுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த இடங்களை மட்டும் எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து பார்க்கிறேன்.